கத்திக்குப் பல் எதற்கு?

பாத்திரக் கடையில் கத்தி கேட்டால் இரண்டு தினுசு எடுத்து வைப்பார்கள். ஒன்று நீளமானது, பளபளப்பானது, விளிம்பு நேர்க்கோடாக ஓடும். மற்றது பிளாஸ்டிக் பிடி போட்ட சின்னக் கத்தி; விளிம்பு முழுக்கப் பொடிப்பொடியாகப் பல். விலையில் முதல் கத்திக்குப் பாதிகூட வராது. இரண்டையும் வாங்கிவந்து, தீட்டாமல் ஆறு மாதம் புழங்கிவிட்டு, நன்றாகப் பழுத்த தக்காளி ஒன்றை அறுத்துப் பாருங்கள். மலிவுக் கத்தி தோலைத் தொட்டதும் இறங்கும். விலை கூடிய கத்தி தோல்மேல் வழுக்கும், பழத்தை நசுக்கும், விதையைப் பிதுக்கும், அதன்பிறகுதான் உள்ளே போகும்.

பல் இவ்வளவு நல்லது என்றால் எல்லாக் கத்திக்கும் வைத்துவிடலாமே? சவரக் கத்திக்கு ஏன் பல் இல்லை? அறுவை மருத்துவரின் கத்திக்கு ஏன் இல்லை? நெல் அறுக்கும் கருக்கரிவாளுக்குப் பல் வெட்டிக் கொடுக்கும் அதே கொல்லர், அதே பட்டறையில், தென்னை மட்டை வெட்டும் அரிவாளை மட்டும் வழவழப்பாகத் தீட்டிக் கொடுக்கிறாரே, அது ஏன்?

பல் வைத்த விளிம்பைப் பல்விளிம்பு என்றும், பல் இல்லாததை நேர்விளிம்பு என்றும் இந்த அத்தியாயத்தில் அழைப்போம். எது உயர்ந்தது என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு, வெட்டும்போது என்னதான் நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம்.

விளிம்பின் அகலம்

கத்தியின் இரண்டு பக்கச் சரிவுகளும் கீழே வந்து சேருமிடம்தான் விளிம்பு. வெறுங்கண்ணுக்கு அது ஒரு கோடு. நுண்ணோக்கியில் பார்த்தால் உருண்டையான ஒரு முகடு. அந்த முகடு எவ்வளவு குறுகலோ அவ்வளவு கூர்மை.

ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரோமீட்டர். நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 50 முதல் 100 மைக்ரோமீட்டர். நன்றாகத் தீட்டிய சமையலறைக் கத்தியின் முகடு ஒரு மைக்ரோமீட்டர் அளவில் இருக்கும். சவர அலகில் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். புழங்கப் புழங்க முகடு உருண்டு அகலமாகிறது. கத்தி மழுங்கிவிட்டது என்று நாம் சொல்வது இதைத்தான்.

முகடு குறுகலாக இருந்தால் என்ன லாபம்? கை கொடுக்கும் விசை மிகச் சிறிய பரப்பில் போய்க் குவிகிறது. அந்தப் புள்ளியில் பொருளின் தாங்கும் சக்தியை மீறியதும் ஒரு பிளவு திறக்கிறது. பிறகு அந்தப் பிளவை நமக்கு வேண்டிய திசையில் நகர்த்திக்கொண்டு போனால் போதும். பெரும்பாலான பொருள்களில் பிளவைத் தொடங்குவதுதான் கடினம். தொடங்கியபின் நகர்த்துவது எளிது. தோலில் ஒரு கீறல் விழுந்துவிட்டால் மழுங்கிய கத்தியும் தக்காளிக்குள் சுலபமாக இறங்கிவிடுவதை எல்லோரும் கவனித்திருப்போம்.

ஒரு தக்காளியை மெதுவாக அறுப்போம்

தக்காளியின் அமைப்பு கத்திக்குப் பாதகமானது. வெளியே மெல்லிய, உறுதியான, இழுபடக்கூடிய தோல். அதன்மேல் வழுக்கும் மெழுகுப் படலம். உள்ளே தண்ணீர் நிறைந்த மென்மையான சதை. தோல் அறுபட வேண்டுமானால் பின்னாலிருந்து ஏதாவது அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். பழுத்த சதையால் அது முடியாது. அழுத்தினால் தோலும் சேர்ந்து உள்வாங்குகிறது.

மழுங்கிய நேர்விளிம்புக் கத்தியை மேலே வைத்து நேராகக் கீழே அழுத்துகிறோம். தக்காளி உருண்டை என்பதால் முதலில் தொடும் நீளம் சில மில்லிமீட்டர்தான். அழுத்தம் கூடக் கூட பழம் தட்டையாகிறது. கத்தியைத் தொடும் நீளமும் கூடிக்கொண்டே போகிறது. நாம் கூட்டிய விசையெல்லாம் கூடிய நீளத்தில் பங்குபோய்விடுகிறது. எவ்வளவு அழுத்தியும் தோல் கிழியாததற்கு இதுவே காரணம். கடைசியில் தோல் கிழிவதற்குள் உள்ளே சதை கூழாகிவிடுகிறது.

கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். நம் கை 300 கிராம் எடைக்குச் சமமான விசையோடு அழுத்துகிறது. கத்தியும் தோலும் தொடும் நீளம் 20 மில்லிமீட்டர். அப்படியானால் ஒவ்வொரு மில்லிமீட்டர் விளிம்புக்கும் கிடைப்பது 15 கிராம்.

இப்போது அதே இடத்தில் பல்கத்தியை வைப்போம். 2 மில்லிமீட்டருக்கு ஒரு பல் என்றால் அந்த 20 மில்லிமீட்டரில் பத்துப் பல். தோலைத் தொடுவது பல்லின் நுனிகள் மட்டுமே. இரண்டு பல்லுக்கு நடுவிலுள்ள பள்ளம் இன்னும் தொடவில்லை. 300 கிராமைப் பத்துப் பல் பங்கிட்டால் பல்லுக்கு 30 கிராம். ஒரு நுனியின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்தால், அங்கே விழும் அழுத்தம் மில்லிமீட்டருக்கு 300 கிராம் என்ற கணக்கில் வரும். முதல் கத்தியைப்போல 20 மடங்கு. கையின் பலம் மாறவில்லை. எஃகும் மாறவில்லை. விசை இறங்கும் இடம் மட்டும் மாறியிருக்கிறது.

பத்து நுனியும் தோலில் பத்துத் துளை போட்டுவிடும். அடுத்து கத்தியை இழுத்தால் ஒவ்வொரு துளையும் நீண்டு பக்கத்துத் துளையோடு சேர்கிறது. தோல் திறந்துவிட்டது. அதற்குக் கீழே இருக்கும் சதையை அறுக்க எந்தக் கத்தியும் போதும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த நேர்விளிம்புக் கத்தியை நன்றாகத் தீட்டி எடுத்துவந்திருந்தால் பல்லே தேவைப்பட்டிருக்காது. கூரான கத்தியைத் தக்காளிமேல் வைத்து லேசாக இழுத்தாலே, ஏறக்குறைய கத்தியின் எடையிலேயே இறங்கிவிடும். முகடு குறுகலாக இருப்பதால் விசை ஏற்கெனவே குவிந்திருக்கிறது. பல்லின் உண்மையான உதவி கூர்மை குறைந்த பிறகுதான் தெரியவரும்.

இழுத்தால் ஏன் எளிது?

கத்தியை நேராக அழுத்தி வெட்டுவதை அழுத்துவெட்டு என்றும், இழுத்தோ தள்ளியோ சறுக்கி வெட்டுவதை இழுவெட்டு என்றும் சொல்லலாம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் விரல்நுனிக்கு நன்றாகத் தெரியும். புதுக் காகிதத்தின் விளிம்பில் விரலை வைத்து அழுத்தினால் ஒன்றும் ஆகாது. விளிம்போடு சறுக்கினால் கீறி ரத்தம் வரும். டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சுமார் 65 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள காகிதம்தான் அதிகம் கீறுகிறது என்று கண்டார்கள். அதைவிட மெல்லியது மடங்கிவிடுகிறது. தடித்தது மழுங்கிய கத்தியின் வேலையைச் செய்கிறது.

சறுக்கும்போது இரண்டு மாற்றங்கள் நடக்கின்றன. முதலாவது, கத்தியின் ஆப்பு வடிவம் மெலிகிறது. கொல்லிமலைக்கு நேர்மேலாக ஏறினால் செங்குத்து. 70 கொண்டை ஊசி வளைவு போட்ட சாலையில் போனால் அதே மலை, அதே உயரம், ஆனால் வண்டிக்குத் தெரியும் ஏற்றம் குறைவு. கத்தியின் சரிவும் அப்படித்தான். இரண்டு பக்கமும் சேர்த்து 30 பாகை விரிந்த ஒரு கத்தியை, கீழே அழுத்தும் தூரத்தைப்போல மூன்று மடங்கு தூரம் பக்கவாட்டில் இழுத்தால், பொருளின் பார்வையில் அது ஏறக்குறைய 10 பாகைக் கத்தி.

இரண்டாவது மாற்றம் இன்னும் முக்கியமானது. பிளவைத் திறக்கத் தேவையான வேலையின் ஒரு பகுதியைப் பக்கவாட்டு இழுப்பு ஏற்றுக்கொள்கிறது. அதனால் கீழ்நோக்கி அழுத்த வேண்டிய விசை மளமளவென்று குறைகிறது. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் டோனி அட்கின்ஸ் குழு 2004இல் செடார் பாலாடைக் கட்டியையும் சலாமி இறைச்சியையும் வெட்டி இதை அளந்து காட்டியது. ஹார்வர்டில் எல். மகாதேவன் குழு 2012இல் மென்மையான ஜெல்லிக் கட்டியைக் கம்பியால் வெட்டி அதே முடிவுக்கு வந்தது. இழுத்து வெட்டும்போது கட்டி முழுவதும் நசுங்குவதற்கு முன்பே மேற்பரப்பு பிளந்துவிடுகிறது. பழுத்த தக்காளிக்கு நாம் கேட்பதும் அதுதானே.

நம் வீட்டு அரிவாள்மனையில் இந்தத் தந்திரம் பல் இல்லாமலே இருக்கிறது. அலகு வளைந்து நிற்கிறது. காயை இரு கையாலும் பிடித்து முன்னே தள்ளும்போது, அது அலகின் வளைவோடு சறுக்கிக்கொண்டே அறுபடுகிறது. தள்ளுகிறோம் என்றுதான் நினைக்கிறோம். நடப்பது இழுவெட்டு.

பல் செய்யும் மூன்று வேலை

தக்காளியில் பார்த்ததையும் சறுக்கலில் பார்த்ததையும் சேர்த்தால் பல்விளிம்பின் வேலைகள் மூன்றாகப் பிரியும்.

முதல் வேலை, துளைப்பது. வழுக்கும் தோலிலோ கெட்டியான ரொட்டி மேலோட்டிலோ நுனி இறங்கி ஒரு பிடிமானம் கிடைக்கிறது. அதன்பின் கத்தி வழுக்காது.

இரண்டாவது வேலை, சாய்வாக அறுப்பது. இரண்டு பல்லுக்கு நடுவிலுள்ள பள்ளத்தின் ஓரங்கள் கத்தியின் நீளத்துக்குச் சாய்வாக நிற்கின்றன. கை நேராகத் தள்ளினாலும் பள்ளத்துக்குள் மாட்டிய இழை அந்தச் சாய்வில் சறுக்கித்தான் அறுபடும். இழுவெட்டு கத்தியின் வடிவத்துக்குள்ளேயே அமைந்துவிடுகிறது.

மூன்றாவது வேலை பலர் கவனிக்காதது. பள்ளத்துக்குள் இருக்கும் விளிம்பு வெட்டுப்பலகையைத் தொடுவதே இல்லை. நம்மில் பலர் சமையல்மேடையின் கல்மீதோ எவர்சில்வர் தட்டிலோ வைத்தே காய் நறுக்குகிறோம். நேர்விளிம்பு முழு நீளத்துக்கும் அதில் மோதி மடங்குகிறது. பல்கத்தியில் அடிபடுவது நுனிகள் மட்டும். பள்ளத்தின் கூர் பத்திரமாக இருக்கிறது. மலிவுக் கத்தி ஆறு மாதம் கழித்தும் வேலை செய்வதன் ரகசியம் இது.

ரம்பம் வேறு, பல்கத்தி வேறு

பல் இருப்பதால் இதைச் சின்ன ரம்பம் என்று நினைக்கத் தோன்றும். ரம்பத்தின் பற்கள் ஒன்றுவிட்டு ஒன்றாக இடமும் வலமும் வளைத்து விடப்பட்டிருக்கும். அவை மரத்தைச் சுரண்டித் தூளாக வெளியேற்றி, அலகு சிக்காமல் போக ஓர் அகலமான பாதையை உண்டாக்குகின்றன. அரிவாள்மனையின் தலையில் இருக்கும் தேங்காய்த் துருவியின் பல்லும் பொருளைச் சுரண்டி எடுக்கவே இருக்கிறது. பல்கத்தி எதையும் எடுப்பதில்லை. பொருளை இரண்டாகப் பிரிக்கிறது. ரொட்டி அறுக்கும்போது உதிரும் துகள், வேலையில் வந்த சேதாரம்.

பின்னால் தாங்க ஆள் உண்டா?

இனி கொல்லர் பட்டறைக் கேள்விக்கு வரலாம். தென்னை மட்டை தடித்தது, மரத்தோடு உறுதியாக ஒட்டியிருப்பது. ஓங்கி வெட்டும்போது அது விலகி ஓடாது. அரிவாளின் எடையும் வேகமும் நேராக உள்ளே போக வேண்டும். பல் இருந்தால் நாரில் மாட்டிக்கொண்டு அந்த வேகத்தைக் கெடுக்கும்.

நெற்பயிரின் நிலைமை வேறு. தாள் மெல்லியது, நின்ற நிலையில் ஆடுவது, பின்னால் தாங்கப் பலகை கிடையாது. அறுப்பவர் இடக்கையால் ஒரு பிடி தாளைச் சேர்த்துப் பிடிக்கிறார். வலக்கையால் அரிவாளை வளைத்துத் தன் பக்கமாக இழுக்கிறார். மழுங்கிய நேர்விளிம்பு என்றால் தாள் சாய்ந்து வழுக்கும், வேரோடு வந்தாலும் வரும். கருக்கு இருந்தால் ஒவ்வொரு தாளும் ஏதாவதொரு பள்ளத்தில் சிக்கி நிற்கும்; இழுத்ததும் அறுபடும். கருக்கின் பற்களும் பெரும்பாலும் பிடிப்பக்கம் பார்த்துச் சாய்ந்திருக்கும், இழுக்கும் திசைக்குத் தோதாக.

மண்ணைத் தோண்டிப் பார்த்தாலும் இதே ஏற்பாடு கிடைக்கிறது. மேற்கு ஆசியாவில் வேளாண்மை தோன்றிய காலத்து மக்கள், சிறு சிறு தீக்கல் துண்டுகளை மரத்திலோ எலும்பிலோ வரிசையாகப் பதித்து அரிவாள் செய்தார்கள். பின்னாளில் அந்தக் கல்துண்டுகளின் விளிம்பிலேயே பல் கொத்திச் சேர்த்தார்கள்.

விலங்குகளின் வாயிலும் இந்தப் பாகுபாட்டைக் காணலாம். பூனைக்கும் நாய்க்கும் கன்னப்பக்கத்துப் பற்கள் மேலும் கீழும் ஒன்றையொன்று உரசிக் கடந்து போகும். நடுவில் சிக்கிய இறைச்சி தப்பிக்க வழியில்லை. ஒரு பல்லுக்கு இன்னொரு பல்லே தாங்கல். அவற்றுக்குப் பல்விளிம்பு தேவைப்படவில்லை. இந்தோனேசியாவின் கொமோடோ உடும்பு மெல்லுவதில்லை; கடித்துப் பிடித்துப் பின்னோக்கி இழுத்துச் சதையைக் கிழிக்கிறது. அதன் வளைந்த பற்களின் விளிம்பு முழுக்க நுண்பற்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் தலைமையிலான குழு 2024இல் அந்த நுண்பற்களின் மேலும் பல்நுனியிலும் இரும்புச் சத்து நிறைந்த ஆரஞ்சு நிறப் பூச்சு இருப்பதைக் கண்டறிந்தது. அதிகம் தேயும் இடம் எதுவோ அதற்கே கவசம்.

சுறாவின் கதை இன்னும் சுவையானது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு ஒன்று 2016இல் பலவகைச் சுறாப் பற்களை மின்ரம்பத்தின் அலகில் ஒட்டிவைத்து சால்மன் மீனை அறுத்தது. சும்மா அழுத்திப் பார்த்த பழைய சோதனைகளில் பற்களுக்கு இடையே பெரிய வித்தியாசம் தெரிந்ததில்லை. முன்னும் பின்னும் ஆட்டி அறுத்ததும் வித்தியாசம் வெளிப்பட்டது. இன்னொன்றும் வெளிப்பட்டது: நன்றாக அறுத்த பற்கள் சீக்கிரம் மழுங்கின. சுறாவுக்கு அதனால் கவலையில்லை. வாழ்நாள் முழுக்கப் பழைய பல் விழுந்து புதுப் பல் முன்னே வந்துகொண்டிருக்கும். தீட்டுவதில்லை, மாற்றிக்கொள்கிறது. பிளாஸ்டிக் பிடி போட்ட மலிவுக் கத்தியை நாமும் அப்படித்தான் நடத்துகிறோம்.

எஃகைத் தேய்ப்பது யார்?

முடி எஃகைவிட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையானது. ஆனாலும் சில முறை சவரம் செய்ததும் அலகு மழுங்குகிறது. 2020இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள்ளேயே முடியை வெட்டிப் பார்த்தார்கள். விளிம்பு மெல்ல மெல்ல உருண்டு தேய்வதைவிட, நுண்ணிய சில்லுகளாகப் பெயர்வதே பெரிய காரணமாகத் தெரிந்தது. முடி நேராக நிற்காமல் வளைந்து சாயும்போது, எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடம் பார்த்துச் சில்லு பெயர்கிறது.

முடிக்கே இப்படியென்றால் நெல்லைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சித் தாளிலும் இலையிலும் உமியிலும் சேர்க்கிறது. மணலும் கண்ணாடியும் எதனால் ஆனவையோ அதே பொருள். உமியைச் சுட்ட சாம்பலில் 85 முதல் 95 சதவீதம் வரை சிலிக்காதான். இதை நாள் முழுக்க அறுக்கும் அரிவாளில் எந்த நேர்விளிம்பும் மாலைவரை தாங்காது. கருக்கரிவாளின் கூர் போனாலும் பள்ளங்கள் தாளைப் பிடித்து நிறுத்தும். அரைகுறைக் கூரிலும் அறுவடை நடக்கும். கருக்கு முழுக்கத் தேய்ந்தபிறகு மறுபடி கொல்லரிடம் போனால் போதும்.

பல்லுக்குக் கொடுக்கும் விலை

பல்லுக்கு நாம் கொடுக்கும் முதல் விலை, வெட்டிய முகம். பல்கத்தியில் வெங்காயம் நறுக்கினால் முகம் சற்றே சொரசொரப்பாக, கிழிந்த செல்களோடு இருக்கும். அதிகச் செல் கிழிந்தால் அதிகச் சாறு, அதிகக் கண்ணெரிச்சல். அறுவை மருத்துவரின் கத்தியில் பல் இல்லாததற்கும் இதுவே காரணம். சீரான வெட்டுக்காயத்தின் இரண்டு ஓரமும் நன்றாகப் பொருந்தும். கிழிந்த காயத்தின் ஓரங்கள் பொருந்தா.

இரண்டாவது விலை, கட்டுப்பாடு. மாங்காய்த் தோல் சீவுவது, பென்சில் சீவுவது, மீனில் முள்ளை ஒட்டிச் சதையெடுப்பது எல்லாம் விளிம்பை ஒரே ஆழத்தில் தள்ளிக்கொண்டு போகும் வேலை. பல் அங்கே தடுக்கித் தடுக்கி நிற்கும். சவரத்தில் அது எப்படி முடியும் என்று விவரிக்கத் தேவையில்லை.

மூன்றாவது, திசை. பெரும்பாலான பல்கத்திகளில் பல்லை ஒரு பக்கம் மட்டுமே சரிவாகக் கடைந்திருப்பார்கள்; மறுபக்கம் தட்டை. தடித்த ரொட்டியை அறுக்கும்போது சரிவுப் பக்கத்தில் ரொட்டி தள்ள, கத்தி தட்டைப் பக்கமாக விலகிப் போகும். நேராகத்தான் அறுக்கிறோம் என்று நினைத்திருக்க, துண்டின் ஒரு முனை தடித்தும் மறுமுனை மெலிந்தும் வருவது இதனால்தான்.

கடைசியாக, தீட்டுவது. தெருவில் வரும் சாணைக்காரரின் சக்கரத்தில் நேர்விளிம்பைச் சில நிமிடங்களில் தீட்டிவிடலாம். பல்விளிம்பை அதில் வைத்தால் பல் மொட்டையாகிவிடும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பொருந்தும் மெல்லிய உருளை அரத்தால், சரிவுப் பக்கம் மட்டும், ஒவ்வொன்றாகத் தேய்க்க வேண்டும். அதற்குப் பொறுமை உள்ளவர்கள் குறைவு.

நேர்விளிம்பிலும் பல் உண்டு

இதுவரை இரண்டையும் எதிரெதிரே நிறுத்திப் பேசினோம். நுண்ணோக்கி அந்தக் கோட்டை அழித்துவிடுகிறது. சாணைக்கல் என்பது கடினமான துகள்களின் தொகுப்பு. ஒவ்வொரு துகளும் எஃகில் ஒரு கீறல் போடுகிறது. கீறல்கள் விளிம்பில் வந்து முடியுமிடத்தில் பொடிப் பள்ளமும் மேடும் உண்டாகின்றன. கண்ணுக்கு நேர்க்கோடாகத் தெரியும் விளிம்பு உண்மையில் மிக நுண்ணிய பல்விளிம்பு.

பல்லின் அளவைத் தீர்மானிப்பது கல்லின் எண். 400 எண் கல் முரடு. ஆழமான கீறல், பெரிய பல். 1000 எண் கல்லின் துகள் 10 முதல் 15 மைக்ரோமீட்டர் அளவு. 6000 எண்ணில் சுமார் 2 மைக்ரோமீட்டர். விளிம்பு கண்ணாடியாக மின்னும். அதற்குமேல் தோல்வாரில் தேய்த்தால் மிச்சமுள்ள பல்லும் மழுப்பப்படும். முன்பு முடிதிருத்தும் நிலையங்களில் சவரக் கத்தியைத் தோல்வாரில் முன்னும் பின்னும் இழுத்தது அதற்காகத்தான். சவரம் கிட்டத்தட்ட அழுத்துவெட்டு. அங்கே பல் வேண்டாம். தக்காளி, இறைச்சி, கயிறு எல்லாம் இழுவெட்டு. அங்கே 1000 எண் கல்லோடு நிறுத்திய விளிம்பு, 6000 எண் வரை மெருகேற்றியதைவிடச் சிறப்பாகப் பிடிக்கும்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மெருகு பூசாத சொரசொரப்பான வளையம் இருக்கும். வழுக்கும் கத்தியைச் சாய்த்துப் பிடித்து, அந்த வளையத்தில் ஒவ்வொரு பக்கமும் ஏழெட்டு முறை தேய்த்துவிட்டு, துடைத்துவிட்டுத் தக்காளியில் வைத்து இழுங்கள். கத்தி பிடித்து இறங்கும். கூர்மை பெரிதாகக் கூடிவிடவில்லை. மடங்கிப் படுத்திருந்த விளிம்பு கொஞ்சம் நிமிர்ந்து, அதில் புதிதாகப் பொடிப்பல் முளைத்திருக்கிறது.

சட்டைப்பையில் ஒன்று

சமையலறையில் இரண்டு கத்தியும் வைத்துக்கொள்ளலாம். பையில் ஒரு மடக்குக் கத்தி மட்டும் வைத்திருப்பவர் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். அமெரிக்காவில் இந்த விவாதம் பல பத்தாண்டுகளாக ஓய்ந்தபாடில்லை. கொலராடோ மாநிலத்தின் கோல்டன் நகரைச் சேர்ந்த ஸ்பைடர்கோ நிறுவனம் 1981இல், சட்டைப்பை ஓரத்தில் செருகும் கொக்கியும், ஒரு கையாலேயே திறக்க அலகில் வட்டத் துளையும் வைத்த மடக்குக் கத்தியைக் கொண்டுவந்தது. பெரிதும் சிறிதுமாக வளைவுகள் அடுத்தடுத்து வரும் பல்விளிம்பையும் அந்த நிறுவனம் மடக்குக் கத்திகளில் பரப்பியது. கயிறோடு மல்லுக்கட்டும் படகுக்காரர்களுக்கும் மீட்புப் பணியாளர்களுக்கும் அது பிடித்துப்போனது.

காரணம் கயிற்றின் அமைப்பில் இருக்கிறது. நைலான் கயிறும், காரின் சீட் பெல்ட் நெய்யப்படும் பாலியெஸ்டர் பட்டையும் ஆயிரக்கணக்கான மெல்லிய, உறுதியான இழைகள். அழுத்தினால் நழுவும், நசுங்கும், விலகும். பள்ளம் ஒரு கொத்து இழையை அள்ளிப் பிடித்து அறுக்கிறது. அடுத்த பள்ளம் அடுத்த கொத்தை. விபத்தில் சிக்கியவரின் பெல்ட்டை அறுக்கும்போது வெட்டு அழகாக இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. கத்தி கடைசியாக எப்போது தீட்டப்பட்டது என்பதும் யாருக்கும் நினைவில் இருக்காது. இந்த இரண்டு நிலைமைக்கும் பல்விளிம்பு பொருத்தம்.

அதே கத்தியால் அட்டைப்பெட்டி பிரித்தால் ஓரம் பிய்ந்து பிய்ந்து வரும். ஆப்பிள் நறுக்கினால் முகம் வரிவரியாக இருக்கும். அன்றாட வேலையில் பெரும்பகுதி இந்த ரகம் என்பதால் நேர்விளிம்பைப் பரிந்துரைப்பவர்களும் நிறைய.

பாதிக்குப் பாதி வைத்தால் என்ன? அப்படியும் செய்கிறார்கள்: முன்பாதி நேர்விளிம்பு, பிடியை ஒட்டிய பின்பாதி பல். பிடிக்கு அருகில் கையின் விசை நன்றாக இறங்கும் என்பது கணக்கு. ஆனால் 8 சென்டிமீட்டர் அலகில் இரண்டுக்கும் 4 சென்டிமீட்டர்தான் மிஞ்சும். இழுவெட்டுக்கோ இழுக்க நீளம் வேண்டும். குச்சி சீவுவதுபோன்ற நுணுக்கமான வேலைக்கும் பிடியை ஒட்டிய பகுதியே வசதி. அந்த இடத்தைப் பல் பிடித்துக்கொண்டது.

வாங்குவதற்கு முன்

கடையில் நிற்கும்போது மூன்று கேள்வி போதும். வெட்டப்போகும் பொருளுக்குப் பின்னால் பலகையோ கையோ தாங்கலாக இருக்குமா? வெட்டிய முகம் சீராக இருப்பது முக்கியமா? கத்தியை நீங்கள் தீட்டுவீர்களா?

முதல் இரண்டுக்கும் ஆம் என்றால் நேர்விளிம்பு. ரொட்டியும் கயிறும்தான் அதிகம் என்றால் பல்விளிம்பு. மற்றபடி முடிவைத் தீர்மானிப்பது மூன்றாவது கேள்விதான். மாதம் ஒருமுறை பத்து நிமிடம் சாணைக்கல்லோடு உட்காரத் தயாரென்றால், 1000 எண் கல்லில் தீட்டிய ஒரே நேர்விளிம்புக் கத்தி தக்காளி முதல் பொட்டலக் கயிறு வரை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். அதற்கு நேரமில்லை என்றால் மலிவான பல்கத்தியே வாங்குங்கள், மொட்டையானதும் மாற்றிவிடுங்கள். தீட்டவே போவதில்லை என்று தெரிந்தும் விலை கூடிய நேர்விளிம்புக் கத்தி வாங்குவதுதான் காசைக் கரியாக்குவது.